முக்கால் கிலோ இரும்பும் ஒரு தடி பர்ஸும்: கடலூர் முந்திரி வியாபாரி ஒருத்தரோட தொடை மரத்துப்போன கேஸ்

திருப்பாப்புலியூர் மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடை வாசல்ல நின்ன ஸ்கூட்டரோட டிக்கியில, மழைக்கோட்டுக்கு அடியில, ஆறு தோட்டா போட்ட ரிவால்வர் ஒன்னு இருபது நிமிஷம் தனியா கெடந்துச்சு. யாரும் எடுக்கல, எதுவும் ஆகல. ஆனா அந்த வண்டிக்குச் சொந்தக்காரரு என் பேஷன்ட், அவரு அத அங்க கழட்டி வெச்சதுக்குக் காரணம் அவரோட வலது தொடையில இருந்த எரிச்சல், அந்த எரிச்சலுக்கு அப்ப நான் தான் வைத்தியம் பாத்துட்டு இருந்தேன். அதனால இத எழுதாம இருக்க முடியல.

நான் பிசியோதெரபிஸ்ட், மஞ்சக்குப்பத்துல கிளினிக். அவரு சம்மதத்தோட தான் எழுதறேன், ஆளு யாருன்னு தெரியக்கூடாதுன்னு சில சின்ன விஷயங்கள மட்டும் மாத்தியிருக்கேன். அண்ணன்னே சொல்றேன், நேர்லயும் அப்படித்தான் கூப்பிடறேன், அவரு என்னை மேடம்ம்பாரு.

அண்ணனுக்கு 54 வயசு, பண்ருட்டி பக்கம் முந்திரி வாங்கி உடைச்சு விக்கிற வியாபாரம். ஒயரம் 5 அடி 7 அங்குலம், எடை 92 கிலோ, தொப்பை நல்லாவே இருக்கு, சக்கரை வந்து ஆறு வருஷம் ஆச்சு. 2011 டிசம்பர்ல தானே புயல் வந்து முந்திரித் தோப்பையெல்லாம் சாச்சுட்டுப் போனப்ப கடன்ல விழுந்து எந்திரிச்ச மனுஷன். கூலிப் பணம், கொள்முதல் பணம்னு கையில ரொக்கத்தோட அலையறவரு, ஒரு தடவ வழிமறிச்சு அடிச்சுப் புடுங்கிட்டாங்க, அதுக்கப்பறம் விண்ணப்பம் போட்டு லைசென்ஸ் வாங்கி, கான்பூர் அரசாங்க ஃபேக்டரியில செஞ்ச .32 ரிவால்வர் ஒன்னு வாங்கினாரு. ரொம்ப நாள் அது பீரோவுலயே தான் இருந்துச்சு. 2023 கடைசியில லைசென்ஸ் புதுப்பிச்சப்ப அஞ்சு வருஷத்துக்குக் கெடச்சுது (2019 சட்டத் திருத்தத்துக்கு முன்னாடி மூணு வருஷம் தான்), அப்ப இருந்து தினமும் இடுப்புல கட்ட ஆரம்பிச்சாரு.

2024 ஆகஸ்ட்ல வந்தப்ப சொன்னது இதுதான்: "மேடம், வலது தொடை வெளிப்பக்கம் காந்துது, எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு, தொட்டா என் தோலு மாதிரியே இல்ல, நிக்க நிக்க ஏறுது. அப்பறம் உக்காந்தா பின்பக்கம் ஆழமா ஒரு வலி, அது மொழங்கால் வரைக்கும் இழுக்குது." அதுக்கு முன்னாடி வேற எடத்துல காட்டியிருக்காரு, ஸ்கேன் பாத்து முதுகு டிஸ்க் லேசா பிதுங்கியிருக்கு அதுதான் காரணம்னு சொல்லி ரெண்டு மாசம் மாத்திரையும் இடுப்புக்கு ஒரு பெல்ட்டும் குடுத்திருக்காங்க. 54 வயசு ஆளுக்கு ஸ்கேன் எடுத்தா டிஸ்க்ல ஏதாவது தெரியத்தான் செய்யும், வலியே இல்லாதவங்களுக்கும் தெரியும். இதுல எனக்கு மனசு கஷ்டமானது என்னன்னா, அந்த இடுப்பு பெல்ட்டு நோயக் கூட்டியிருக்கு. ஏன்னு பின்னாடி சொல்றேன்.

பரிசோதனையில, காலத் தூக்கிப் பாத்தா 75 டிகிரி வரைக்கும் சுளுவா போச்சு, முட்டி தட்டுனா சரியா ஒதறுது, தொடை தசையில பலம் ஒரு துளி கூட கொறையல. பாதத்துல நைலான் இழைய வெச்சுக் குத்திப் பாத்தேன், சக்கரையினால வர்ற மரத்துப்போறது இருக்கான்னு, அங்க எல்லாம் நல்லா தெரியுது. மரத்துப்போனது வலது தொடை வெளிப்பக்கத்துல ஒரு உள்ளங்கை அகல எடம் மட்டும் தான். பால்பாயிண்ட் பேனாவால சுத்தி வரைஞ்சேன், முட்டை வடிவத்துல வந்துச்சு. டிஸ்க் நரம்ப அழுத்தியிருந்தா இப்படி தோல் மட்டும் மரத்துப்போயி, தசை, ரிஃப்ளெக்ஸ் எல்லாம் சுத்தமா இருக்கறது அபூர்வம்.

தொடையோட வெளிப்பக்கத் தோலுக்கு மட்டும் உணர்ச்சி குடுக்கற நரம்பு ஒன்னு இருக்கு, தசைக்கு அதுல வேலையே கெடையாது. முதுகுல எல்2, எல்3ன்னு சொல்ற கீழ்முதுகு எலும்புங்க கிட்ட கெளம்பி, இடுப்பு எலும்போட முன்முனை இருக்கே, கைய வெச்சா முட்டும், அதுக்குக் கொஞ்சம் உள்பக்கமா கவட்டை மேல இருக்கற நார்ப்பட்டைக்கு அடியில நொழஞ்சு தொடைக்கு எறங்கும். அந்த எடத்துல அழுத்தம் விழுந்தா வர்றதுக்குப் பேரு மெரால்ஜியா பாரெஸ்தெடிகா. 1895ல ரோத்னு ஒரு ரஷ்ய டாக்டர் தான் மெரால்ஜியான்னு பேரு வெச்சது, குதிரை ஏர்றவங்க பெல்ட்ட இறுக்கிக் கட்டி இது வர்றத அவரு பாத்திருக்காரு. இப்ப போலீஸ்காரங்க கட்டற கனமான டியூட்டி பெல்ட்டுலயும் இது வருது, கர்ப்பத்துல வருது, தொப்பை போட்டவங்களுக்கு வருது, சக்கரை இருக்கறவங்களுக்குச் சட்டுனு வருது. அண்ணனுக்கு அதுல மூணு காரணம் இருந்துச்சு. எலும்பு முனைக்கு ஒரு அங்குலம் உள்ள விரலால தட்டுனேன், சுள்ளுனு தொடைக்குப் போகுதுன்னாரு.

ஆனா பின்பக்கத்து வலி இந்த நரம்புல சேராது. ரெண்டும் ஒரே நோயின்னு நெனச்சதுனால தான் ரெண்டு மாசம் வீணாப் போச்சு.

ரெண்டையும் பிரிச்சுக் காட்டுனது எலெக்ஷன். நான் வழக்கமா எப்ப ஏறுச்சு எப்ப எறங்குச்சுன்னு மாசம் மாசமா எழுதச் சொல்லுவேன். அண்ணன் எழுதுனதுல மார்ச் கடைசியில இருந்து தொடை எரிச்சல் கொறஞ்சுகிட்டே வந்து, மே மாசத்துல இல்லவே இல்ல, ஜூன் நடுவுல மறுபடி. "வெயில்ல ரத்தம் நல்லா ஓடும்ல மேடம்"னாரு. அந்த மூணு மாசம் வேற என்ன மாறுச்சுன்னு நோண்டி நோண்டிக் கேட்டதுல தான் சொன்னாரு, 2024 மார்ச் 16 தேர்தல் அறிவிச்சதும் லைசென்ஸ் வெச்சிருக்கற மத்தவங்களப் போல இவரும் துப்பாக்கிய ஸ்டேஷன்ல ஒப்படைச்சு ரசீது வாங்கியிருக்காரு, ஜூன் 4 ஓட்டு எண்ணி முடிஞ்சு சில நாள் கழிச்சுத் தான் திரும்ப வாங்குனாரு. முந்திரி சீசன்ல, கையில பணம் அதிகமா பொழங்கற நேரத்துல அது இல்லாம பயந்துகிட்டே இருந்தேன்னாரு, பாவம். ஆனா அந்த மூணு மாசமும் பின்பக்க வலி மட்டும் ஒரு நாள் விடாம இருந்திருக்கு. அப்ப தொடைக்கு இடுப்புல கட்டறது காரணம், பின்பக்கத்துக்கு வேற ஏதோ. பர்ஸ் எங்க வைப்பீங்கன்னு கேட்டேன், வலது பின்பாக்கெட்ல இருந்து எடுத்து மேசையில வெச்சாரு.

அடுத்த தடவ வரும்போது துப்பாக்கி மட்டும் வேணாம், மத்தபடி தினமும் ஒடம்புல இருக்கற எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்கன்னு சொன்னேன். கிளினிக்ல கொழந்தைங்க வருவாங்க, அந்த விஷயத்துல நான் கண்டிப்பு. அதுக்குப் பதிலா அவரே தராசுக் கடையில இருந்து அரைக்கிலோ எடைக்கல்லும் இருநூறு கிராம் கல்லும் ஒரு துண்டுல சுத்தி அந்த ஹோல்ஸ்டர்ல (இடுப்புல மாட்டற துப்பாக்கி உறை) திணிச்சு எடுத்துட்டு வந்தாரு, ரிவால்வர் தோட்டாவோட கிட்டத்தட்ட அந்த எடை தான், முக்கால் கிலோ.

சமையல் தராசுல ஒவ்வொன்னா வெச்சோம். பர்ஸ் 210 கிராம், தடிமன் மூணரை சென்டிமீட்டர். உள்ள பாத்தா கார்டு பதினொன்னு, மக்கிப்போன பில்லுங்க, பாடலீஸ்வரர் கோயில் விபூதி மடிச்ச பேப்பர் நாலு, அடையாளமே தெரியாத விசிட்டிங் கார்டு ஒரு கட்டு. சாவிக்கொத்து 240 கிராம், குடோன் ஷட்டர் சாவியெல்லாம் சேத்து பதினாலு சாவி, அதுல ஆறு சாவிக்கு எந்தப் பூட்டுன்னே தெரியல. போன் ரெண்டு. படிக்கிற கண்ணாடி, சக்கரை மாத்திரை அட்டை, மேல் பாக்கெட்ல சாம்பிள் முந்திரி ரெண்டு பொட்டலம், 320ம் 240ம் (ஒரு பவுண்டுக்கு எத்தனை பருப்பு நிக்கும்ங்கறது தான் அந்த நம்பர், நம்பர் கொறைய கொறைய பருப்பு பெருசு). எல்லாத்தையும் கூட்டுனா துப்பாக்கிய விட அதிகம். அதுல போன் ஒன்னும் சாவியும் வலது முன்பாக்கெட், பர்ஸ் வலது பின்பாக்கெட், துப்பாக்கி வலது முன் இடுப்பு. ஒரே பக்கம்.

அப்பறம் கட்டிக் காட்டச் சொன்னேன். ஹோல்ஸ்டர் மெலிசு நைலான், இரும்பு கிளிப். பெல்ட் ரெக்சின், ஒரு அங்குல அகலம் தான், எடை ஏறுனதும் தொங்குது. தொங்கறதால இழுத்துக் கட்ட அவரே கத்திரியால ரெண்டு ஓட்டை கூடுதலா போட்டிருக்காரு. பேன்ட்டுக்கு உள்பக்கமா, தொப்பைக்கு அடியில, சரியா அந்த எலும்பு முனைகிட்ட. நின்னா பரவாயில்ல. ஸ்கூட்டர்ல உக்கார்ற மாதிரி ஸ்டூல்ல உக்காருங்கன்னேன், உக்காந்தாரு, தொப்பை மேல இருந்து அமுக்குது, தொடை கீழ இருந்து தூக்குது, நடுவுல அந்த எடைக்கல்லு. என் ரெண்டு விரலக் கூட உள்ள விட முடியல. இதுக்கு மேல அந்த வைத்தியத்துக்குன்னு குடுத்த இடுப்பு பெல்ட்டும் சேந்து கட்டியிருக்காரு, அது இன்னொரு இறுக்கு. சட்டையத் தூக்குனா கிளிப் படற எடத்துல தோலு கருத்து, அரிச்சு, வெடிச்சிருக்கு, நம்ம ஊரு வேர்வையில நிக்கல் பூசுன கிளிப் நாள் பூரா ஒரசுனா ஒத்துக்காதவங்களுக்கு அப்படித்தான் ஆகும்.

சிகிச்சை ஆரம்பிச்சு ஒரு வாரத்துல தான் டீக்கடை விஷயம். கவட்டை தசைக்கு நீட்டற பயிற்சி குடுத்திருந்தேன், இடுப்பு பெல்ட்ட நிறுத்திட்டேன், ஆனா துப்பாக்கி எங்க கட்டறதுன்னு இன்னும் முடிவு பண்ணல, உறுத்துனா கழட்டிடுங்கண்ணேன்னு வாய் தவறி சொல்லியிருக்கேன். கழட்டி எங்க வைக்கணும்னு சொல்லல. அது என் தப்பு. அவரு டிக்கியில வெச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு. அடுத்த தடவ வந்து சாதாரணமா சொல்றாரு, எனக்குக் கை காலெல்லாம் வெலவெலத்துப் போச்சு. கிளறிக் கேட்டா அது மொத தடவயே இல்ல. வீட்டுக்குப் போனதும் தாங்க முடியாம கழட்டி ஃப்ரிட்ஜ் மேல வைப்பாராம், தோட்டாவோட. வீட்ல நாலு வயசுப் பேத்தி இருக்கு, ஸ்டூல் போட்டு ஏறுற வயசு. பாண்டிக்குப் போனா எல்லையில இருக்கற முள்ளோடை தாண்டறதுக்கு முன்னாடி இடுப்புல இருந்து எடுத்து வண்டியில வெச்சுப்பாராம், இடுப்புல இல்லைன்னா எடுத்துட்டுப் போன கணக்கு இல்லைன்னு அவரா நெனச்சுகிட்டு. அவரு லைசென்ஸ்ல செல்லும் எல்லை தமிழ்நாடு மட்டும் தான், புதுச்சேரி வேற யூனியன் பிரதேசம், கடலூர்ல இருந்து இருபத்தஞ்சு கிலோமீட்டர் கூட இல்ல, நடுவுல ஊரும் ஊரும் ஒட்டிக்கிட்டு இருக்கு, ஆனா எல்லை எல்லை தான். வண்டியில இருந்தாலும் அவரு கையில இருந்த மாதிரி தான். போறதா இருந்தா வீட்லயே பூட்டி வெச்சுட்டுப் போகணும், இல்லனா எல்லைய விரிவாக்கிக் கேட்டு மனு போடணும்.

அதுக்கப்பறம் இந்தக் கேஸுல என் குறிக்கோளு மாறிடுச்சு. எரிச்சல் போனா மட்டும் பத்தாது, காலையில கட்டுனா ராத்திரி வீட்ல பூட்டற வரைக்கும் அவருக்குக் கழட்டணும்னே தோணக்கூடாது. ஒடம்ப உறுத்தற பொருள மனுஷன் கழட்டி எங்கயாவது வைக்கத்தான் செய்வான், செருப்பு கடிச்சா கையில எடுத்துட்டு நடக்கறோம், அதே தான், ஆனா இது செருப்பு இல்ல.

கொழந்தை விஷயத்த அன்னைக்கே முடிச்சோம். சின்ன இரும்புப் பொட்டி ஒன்ன பீரோவுக்குள்ள போல்ட் போட்டு முடுக்கி, துப்பாக்கி ஒரு தட்டு, தோட்டா தனியா பூட்டி இன்னொரு தட்டு, சாவி அவரு கழுத்துச் செயின்ல. அண்ணி தான் நின்னு செய்ய வெச்சாங்க.

2014ல கான்பூர்லயே அரைக்கிலோ எடையில நிர்பீக்னு .32 ரிவால்வர் வந்துச்சு, அத வாங்கிட்டா சரியாப் போயிடுமான்னு அண்ணன் கேட்டாரு. வேணாம்னேன். இருநூறு கிராம் கொறச்சு அதே எடத்துல அதே ரெக்சின் பெல்ட்டுல கட்டுனா அதே நரம்பு தான் நசுங்கும். எடம் மாறணும், பெல்ட்டு மாறணும்.

பெல்ட்டு ஒன்னரை அங்குல அகலத்துல, ரெட்டைத் தோலு ஒட்டித் தெச்சது, பாண்டியில தோல் வேலை செய்யற ஒருத்தருகிட்ட சொல்லிச் செஞ்சது. பெல்ட்டு வெறப்பா இருந்தா எடைய இடுப்பச் சுத்திப் பிரிச்சு எடுத்துக்கும், அப்ப இறுக்கவே வேணாம். அண்ணனுக்கு இது நம்பிக்கையே வரல, கட்டிப் பாத்துட்டு பழைய பெல்ட்ட விட ரெண்டு ஓட்டை தளர்வா போட்டாரு, எடைக்கல்லு அசையல. ஹோல்ஸ்டரும் தோலு தான், பேன்ட்டுக்கு வெளிப்பக்கம், இடுப்பு எலும்பு மேட்டுக்குக் கொஞ்சம் பின்னாடி தள்ளி. நரம்பு போற வழியில இல்ல, உக்காந்தாலும் மடிப்புல மாட்டாது. முதுகுத்தண்டு மேல மட்டும் வரவே கூடாதுன்னு கண்டிப்பா சொன்னேன், வண்டியில இருந்து மல்லாக்க விழுந்தா முதுகெலும்புக்கும் ரோட்டுக்கும் நடுவுல இரும்பு இருக்கும். டிரிகர் முழுசா மூடியிருக்கணும், மேல ஒரு வார் பட்டன் போட்டு நிக்கணும், ஒடம்புக்கும் இரும்புக்கும் நடுவுல தோல் மடிப்பு ஒன்னு எழும்பி நிக்கணும், வேர்வை படாம.

இதுல ஒரு சிக்கல். தோல் நனைச்சு துப்பாக்கி மேலயே அழுத்தி வடிவம் எடுத்தா தான் கச்சிதமா உக்காரும், ஆனா பாண்டிக்குத் துப்பாக்கிய எடுத்துட்டுப் போகக்கூடாது. கடைசியில தச்சர் ஒருத்தரு பலாக்கட்டையில அளவு எடுத்து அச்சு செதுக்கித் தந்தாரு, மஞ்சளா, ஒரு மரக்கட்டையாத்தான் தெரியும். அதக் கொண்டுபோயி அது மேல தோல இழுத்து நூல் கட்டி ரெண்டு நாள் நெழல்ல காய வெச்சாங்க. அந்தக் கட்டை இப்ப என் மேசையில பேப்பர் வெயிட்டா இருக்கு.

2016 ஆயுத விதிகள்ல பொது எடத்துல கைத்துப்பாக்கி எப்படி இருக்கணும்னே போட்டிருக்கு: அதுக்குன்னு செஞ்ச உறையில ஒடம்போட சேந்து, இல்லனா முதுகுப்பை மாதிரி ஒன்னுல, முழுசா மூடி, கொண்டுபோறவரு கட்டுப்பாட்டுல. வெளிப்பக்கம் கட்டுனா மூடணுமே, அதுக்குச் சட்டை. தையல்காரருகிட்ட நீளம் ரெண்டு அங்குலம் கூட்டி, பக்கவாட்டுல வெட்டு இல்லாம, கீழ நேரா வெட்டி, அடியில சுத்தளவு தாராளமா, கொஞ்சம் கனமான பருத்தியில கட்டம் போட்டது ஆறு சட்டை தெச்சாரு. வெள்ள மெலிசு சட்டையில வேர்த்தா எல்லாம் தெரியும். தோள்ல மாட்டற பை யோசிச்சாரு, நான் ஒத்துக்கல, பைய ஓட்டல்ல நாற்காலி மேல மாட்டிட்டு கை கழுவப் போற ஊரு இது. வேட்டிக்குக் கட்டற அகலமான பச்சை பெல்ட்டு இருக்கே, ஜிப் வெச்ச பர்ஸோட, அதுல வெச்சும் ஒரு காலத்துல பாத்திருக்காரு, துணி மெலிசு, உள்ள பொருள் திரும்பிக்கும், டிரிகர எது தொடும்னே தெரியாது. வேட்டி கட்டற நாள் துப்பாக்கி பொட்டியில தான்னு முடிவாச்சு.

ராத்திரி ஹோல்ஸ்டர்லயே விட்டுட வேணாம்னும் சொன்னேன். தோல் உறையிலயே கெடந்தா தோட்டாவோட பித்தளை மேல பச்சையா படியும். கடல் காத்துல இரும்பும் சீக்கிரம் துருப்பிடிக்கும், தெனம் ஒரு துணியில தொடச்சு எண்ணெய் ஒத்தி வைக்கறாரு.

பாக்கெட் வைத்தியம் சுலபம், ஆனா அதுக்குத் தான் அண்ணன் ரொம்ப அடம் புடிச்சாரு. பின்பாக்கெட்ட தையல்காரரு மூடித் தெச்சுட்டாரு. பர்ஸுக்குப் பதிலா நாலு கார்டும் கொஞ்சம் பணமும் பிடிக்கிற மெலிசு ஒன்னு, இடது முன்பாக்கெட்ல. தடி பர்ஸு மேல ஒரு பக்கமா உக்காந்து பின்பக்க நரம்பு நசுங்கறத 1978லயே ஒரு அமெரிக்க டாக்டரு மருத்துவப் பத்திரிகையில எழுதிட்டாரு, கிரெடிட் கார்டு பர்ஸ் சயாட்டிகான்னு. அண்ணனுக்கு அதோட சேந்து இடுப்பு எலும்பும் வலப்பக்கம் தூக்கியே உக்காந்து பழகிடுச்சு. குடோன் சாவிங்க குடோன்லயே ஒரு பூட்டுப் பொட்டிக்குள்ள, மத்த போன் இடது பக்கம், முந்திரிப் பொட்டலம் வண்டியில. விபூதிய மட்டும் விட மாட்டேன்னாரு, ஒரு பொட்டலம் மேல் பாக்கெட்ல இருக்கட்டும்னேன்.

பின்பக்க வலி மூணு வாரத்துல போயிடுச்சு. தொடை மெதுவா தான், நரம்பு அவசரப்படாது. ஆறாவது வாரம் எரிச்சல் பத்துக்கு ஏழுல இருந்து ரெண்டுக்கு வந்துச்சு. வாரம் வாரம் பேனாவால வரைஞ்ச முட்டை சுருங்கிச் சுருங்கி நவம்பர்ல அஞ்சு ரூபா காசு அளவு ஆச்சு, அதுக்கு மேல இன்னும் சுருங்கல. நாலு கிலோ எடை கொறச்சிருக்காரு, சக்கரையும் கட்டுக்குள்ள வருது, அதனால பாப்போம். நரம்பியல் டாக்டருகிட்டயும் அனுப்பிக் காட்டியாச்சு, ஊசி இப்ப தேவையில்லன்னுட்டாரு. இதே மாதிரி தொடை காந்தல் இருக்கறவங்க பெல்ட்டு தான் காரணம்னு தாங்களே முடிவு பண்ணிக்க வேணாம், பலம் கொறஞ்சாலோ, ஒன்னுக்கு ரெண்டுக்கு போறதுல மாத்தம் வந்தாலோ அது வேற விஷயம், ஒடனே காட்டணும்.

கழட்டி வெக்கிற பழக்கம் நின்னுச்சான்னு அண்ணிகிட்ட தனியா கேட்டேன். வீட்டுக்குள்ள வந்ததும் நேரா பொட்டிகிட்ட தான் போறாரு, வழியில எங்கயும் வைக்கறதில்லன்னாங்க.

இன்னும் தீராதது கார். ஸ்கூட்டர்ல ஒன்னும் ஆகல, ஆனா சென்னைக்கு நாலு மணி நேரம் ஓட்டிட்டுப் போனா சீட் பெல்ட்டோட அடிப்பட்டை வலது இடுப்புல சரியா ஹோல்ஸ்டர் மேல விழுது, அது எலும்புல அமுக்குது, சட்டையையும் மேல இழுத்துடுது. சீட்ட பின்னாடி தள்ளிப் பாத்தோம், முதுகுக்குத் துண்டு மடிச்சு வெச்சுப் பாத்தோம், பெல்ட்ட ஹோல்ஸ்டருக்குக் கீழ வழியா விட்டுப் பாத்தோம், எதுவும் ஒரு மணி நேரத்துக்கு மேல தாங்கல. சனிக்கெழம கார எடுத்துட்டு கிளினிக் வாசலுக்கே வரச் சொல்லியிருக்கேன், எடைக்கல்லோட.